பெரியவர்கள் நால்வர், குழந்தை ஒன்று

ஏப்ரல் 4

அன்புள்ள அத்தைக்கு,

நானும் வாலுவும் சௌக்கியமாக இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேத்தி ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கினாள் என்று நான் போனில் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தேன். நீங்களும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் மாமா போனை வாங்கி, "அவளுக்கு ஒண்ணும் கேக்கலம்மா, சும்மா தலையாட்டறா" என்று உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார். அதனால்தான் இனி முக்கியமானதை எல்லாம் கடிதத்தில் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். வாலு ஃப்ரிஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறாள். "இந்த லீவுக்காவது எங்கேயாவது போகணும்" என்று கொட்டை எழுத்தில். அவள் அப்பா போனபின் இரண்டு கோடை வந்து போய்விட்டது. முதல் கோடையில் நாம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன வருடம் நீங்கள் முழங்கால் வலி என்றீர்கள், நான் வேலை அதிகம் என்றேன். இரண்டும் பொய் என்று ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் கடற்கரை வேண்டாம் அத்தை. வருஷா வருஷம் போன இடம்தான், எனக்கும் பிடித்த இடம்தான். அந்தக் குடை வாடகைக்கு விடுகிறவர் நம்மைப் பார்த்ததும் ஓடி வந்து, "சார் எங்க, பின்னாடி வராரா?" என்று கேட்பாரே, அதற்கு நான் என்ன பதில் சொல்வது? நம்மில் ஒருவரும் பார்த்திராத இடத்துக்குப் போவோம். என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர் ஒருவர் ஒரு பிரசுரம் கொடுத்தார். மலைகளுக்கு நடுவே நீளமாக ஒரு ஏரி. கரையோரமாகவே ஒரு சின்ன ரயில் போகிறது. ஏரித் தண்ணீர் காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம் என்று போட்டிருக்கிறது. அங்கே நம்மை யாருக்கும் தெரியாது.

சம்மதம் என்றால் சொல்லுங்கள். அறை பிடிப்பது என்றைக்கும் உங்கள் இலாகா, நான் அதில் தலையிட மாட்டேன். அங்கே போய் நிம்மதியாக உட்கார்ந்து உங்களிடம் பேச வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பயப்படும்படி எதுவும் இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 11

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. பேத்தி பரிசு வாங்கியதை ஒரு வாரம் கழித்துத் தெரிந்துகொண்ட பாட்டி நானாகத்தான் இருப்பேன். காது கேட்காததை ஊருக்கே தம்பட்டம் அடித்த உன் மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடலுக்கு என்ன குறை? அது என்ன பாவம் செய்தது? படித்ததும் இப்படித்தான் கோபம் வந்தது. பிறகு குடைக்காரரைப் பற்றி எழுதியிருந்த இடத்தை இன்னொரு தரம் படித்தேன். நீ சொல்வது சரி. என்னாலும் அந்த மனிதருக்குப் பதில் சொல்ல முடியாது. மலைக்கே போவோம்.

இங்கே பாட்டில் ஆலையில் புது பெல்ட் போட்டிருக்கிறார்கள். முன்பைவிட வேகமாக ஓடுகிறது. வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடுகிற பாட்டில்களில் கீறல் பார்க்க வேண்டும். ஒன்றோடு ஒன்று மோதி அவை போடுகிற சத்தத்தில் காது போனாலும் கண் இன்னும் போகவில்லை. புதிதாக வந்த பெண்கள், "எப்படிக்கா கண்டுபிடிக்கறீங்க?" என்று கேட்கிறார்கள். எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது? கண் பார்க்கிறது, கை எடுத்து ஒதுக்குகிறது. அவ்வளவுதான்.

உன் மாமாவின் பல் செட் சரியாகவே பொருந்தவில்லை. சிரித்தால் மேல்வரிசை இறங்கி வந்து எதிரில் இருப்பவருக்கு வணக்கம் சொல்கிறது. அதனால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார். சாப்பிடும்போது மட்டும் வெளியே வருகிறது.

ஒன்று கேட்கிறேன். நேரில் பேச வேண்டியது இருக்கிறது என்று எழுதிவிட்டுப் பயப்படாதே என்கிறாயே, இது நியாயமா? அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போகப் போகிறாயா? உன் அம்மா வீட்டோடு போய்விடலாம் என்று நினைக்கிறாயா? வாலுவுக்கு உடம்பு ஏதாவதா? எதுவானாலும் கண்காணாத தூரத்துக்குப் போய்விடாதே, அவ்வளவுதான் கேட்பேன். வாரம் ஒரு முறை அவள் குரலைக் கேட்கிறேனோ இல்லையோ, அவள் பேசுகிறாள் என்று தெரிகிறதே, அது போதும்.

விடுதியின் முகவரியை அனுப்பு. உன் மாமாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், கீழ்த்தளம் இருக்கிறதா என்று பிரசுரத்தில் பார்.

உன் அத்தை


ஏப்ரல் 19

அன்புள்ள அத்தைக்கு,

வாலுவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நேற்றுகூடப் பக்கத்து வீட்டுச் சுவர்மேல் ஏறி என்னிடம் திட்டு வாங்கினாள். வேலை மாற்றமும் இல்லை. அம்மா வீட்டுக்கும் போகவில்லை. நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து ஒரு அங்குலம்கூடத் தூரம் போகிற விஷயம் இல்லை. இதற்கு மேல் கடிதத்தில் கேட்காதீர்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள் கேட்க வேண்டியது அது.

விடுதி முகவரியைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். ஏரிக்கரையிலேயே இருக்கிறது, ஒரு அம்மாள் தனியாக நடத்துகிறார். கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள், மாடியில் மூன்று. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். மூன்றாம் நாள் படகில் எதிர்க்கரைக்குப் போகலாம் என்று வாலு இப்போதே திட்டம் போட்டுவிட்டாள். படகில் தாத்தா பக்கத்தில் அவள், எனக்கும் உங்களுக்கும் பின்வரிசை. மலை உச்சிக்கு மட்டும் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன், ஆனால் உயரத்தில் நின்று கீழே பார்த்தால் எனக்குக் கால் நடுங்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

வேலை எப்போதும் போலத்தான். வண்டியில் எனக்கும் ஒரு பிரேக் இருப்பதால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். பிரசுரம் கொடுத்தவரைப் பற்றி எழுதினேன் அல்லவா, அவர் மூன்றாம் முறையாகத் தேர்வில் தோற்றுவிட்டார். முன்னால் ஓட்டுவதெல்லாம் அருமையாக ஓட்டுவார். பின்னால் எடுக்கச் சொன்னால் மட்டும் கைகால் ஓடாது. எங்கள் முதலாளி அவருக்கு 'ரிவர்ஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார். "ரிவர்ஸ் வந்தாச்சா?" என்று வாசலில் நின்று கேட்பார். அந்த மனிதரும் கோபப்படாமல், "வந்தாச்சு சார், முன்பக்கமாத்தான் வந்தேன்" என்பார்.

விடுதியின் பதிலை என் முகவரிக்கே அனுப்பச் சொல்லிவிடுங்கள். ரயில் டிக்கெட் எடுக்க எனக்குத் தேதி வேண்டும். வாலுவின் பள்ளிக்கு ஜூலையில்தான் லீவு, முதல் வாரம் வசதிப்படும்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 28

அன்பு மருமகளுக்கு,

விடுதிக்கு எழுதிப் போட்டாயிற்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆலைக் கேன்டீனிலேயே உட்கார்ந்து எழுதினேன். பக்கத்தில் இருந்த பெண், "இவ்வளவு சீக்கிரம் எழுதிட்டீங்களே" என்றாள். இத்தனை வருடமாக எழுதுகிற கடிதம்தானே. வாக்கியம் எல்லாம் மனப்பாடம். ஊர்ப் பெயரையும் தேதியையும் மாற்றினேன், மீதியை வழக்கம்போலவே எழுதிவிட்டேன். பதில் உன் முகவரிக்கு வரும்.

மூன்று முறை தோற்றவருக்கு நாலாவது முறையும் அதே வாத்தியார்தானா? குறை அவரிடமா, சொல்லிக்கொடுப்பவரிடமா என்று உன் முதலாளி யோசிக்கவில்லையா? விளையாட்டுக்குச் சொன்னேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

உன் மாமா அலமாரியின் மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். ஜூலைக்கு இப்போதே என்ன அவசரம் என்று கேட்டேன். "சும்மா இருக்கறதுக்குத் தொடச்சேன்" என்றார். அவர் பேச்சு அவ்வளவுதான். ஆனால் துடைத்த பெட்டியைத் திரும்ப மேலே ஏற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். இரண்டு வருடத்தில் இந்த மனிதர் ஏதாவது ஒன்றுக்குக் காத்திருந்து நான் பார்த்தது இப்போதுதான். வாலுவிடம் சொல், தாத்தா தயார் என்று.

உன் அத்தை


மே 9

என் அன்பு அத்தைக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

விடுதியிலிருந்து இன்று பதில் வந்தது. தேதி, அறை எல்லாம் நாம் கேட்டபடியே. அதற்குக் கீழே, 'பெரியவர்கள் நால்வர், குழந்தை ஒன்று' என்று எழுதியிருந்தது. நான் சமையலறையில் நின்றபடியே எண்ணினேன். நீங்கள், மாமா, நான். மூன்று பேர்தானே? விடுதிக்காரர் தவறாக எழுதிவிட்டார் என்று நினைத்துத் திருப்பிப் பார்த்தேன். 'தங்கள் கடிதத்தில் கண்டபடி' என்று போட்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன் அத்தை.

யார் சொன்னார்கள் உங்களுக்கு? வாலு உளறியிருப்பாள், அவள் வாயில் எதுவும் நிற்காது. எனக்காகத் தெரியாததுபோல் எழுதிக்கொண்டு, "மூன்று முறை தோற்றவர்" என்று என்னைச் சீண்டிக்கொண்டு, கடைசியில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவருக்கும் சேர்த்து இடம் கேட்டிருக்கிறீர்களே! இதை எப்படிச் சொல்வது என்றுதான் மாதக்கணக்கில் உள்ளுக்குள்ளே குமைந்துகொண்டிருந்தேன். என் பாரத்தை நீங்களே இறக்கி வைத்துவிட்டீர்கள்.

இனி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அந்த ரிவர்ஸ்காரர்தான். பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. கல்யாணம் ஆகாதவர். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டவர். வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு பேரும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முகத்தைப் பார்க்காமல் பேசுவது எளிதாக இருந்தது. நான் உங்கள் பிள்ளையைப் பற்றித்தான் பேசினேன். வேறு எதுவும் பேசவில்லை. அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார். போன டிசம்பரில் ஒரு நாள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார். என் அத்தையிடம் சொல்லாமல் எனக்கு எந்த முடிவும் கிடையாது என்று சொன்னேன். "அப்ப அவங்ககிட்ட முதல்ல சொல்லுங்க. நான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

இன்று சாயங்காலம் அந்தத் தாளை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்தார். "இது எனக்கான இடமா?" என்று கேட்டார். "வேற யாருக்கு?" என்றேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிவிட்டேன், கோபிக்காதீர்கள். இரண்டே அறை என்று போட்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாடியில் அவருக்குத் தனியாக ஒரு சின்ன அறை வேண்டும் என்று விடுதிக்கு எழுதியிருக்கிறேன். மாமாவின் பல் செட்டைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். மேல்வரிசை இறங்குவதை ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாமாம்.

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போல் இருக்கிறது. ஜூலை வரட்டும்.

உங்கள் மகள் என்று எழுதட்டுமா?


மே 21

அன்புள்ள அத்தைக்கு,

என் கடிதம் கிடைத்ததா? பதில் இல்லையே. ஞாயிறன்று போன் செய்தபோது மாமா, "அவ படுத்திருக்காம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பகல் பதினோரு மணிக்கு நீங்கள் படுத்து நான் கேள்விப்பட்டதே இல்லை. உடம்புக்கு என்ன? அளவுக்கு மீறி எழுதிவிட்டேனா? மகள் என்று கேட்டது பிடிக்கவில்லை என்றால் அதை அடித்துவிடுங்கள். மருமகளாகவே இருந்துகொள்கிறேன். ஒரு வரி போடுங்கள், போதும்.

உங்கள் மருமகள்


மே 24

மருமகளுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நாலாவது ஆள் யார் என்று நீ கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. கேள்வியையும் நீயே கேட்டுப் பதிலையும் நீயே சொல்லிக்கொண்டாய். வாலு என்னிடம் எதுவும் உளறவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. உன் கடிதத்தைப் படிக்கிறவரை அப்படி ஒருவர் உன் வண்டியில் ஏறி இறங்குகிறார் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது.

அந்த இடம் என் பிள்ளைக்கு.

எப்படி எழுதினேன் என்று கேள். வருஷா வருஷம் விடுதிக்கு எழுதுகிற வாக்கியம் ஒன்று உண்டு. 'பெரியவர்கள் நால்வர், குழந்தை ஒன்று, இரண்டு அறைகள், ஒன்று அவசியம் கீழ்த்தளத்தில்.' வாலு பிறந்த வருடத்திலிருந்து அதே வாக்கியம். கேன்டீனில் உட்கார்ந்தேன், கை எழுதிவிட்டது. எழுதி முடித்ததும் படித்துப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. ஓடுகிற பாட்டிலில் மயிரிழைக் கீறலைப் பிடிக்கிறவள் நான். என் கையெழுத்திலேயே என் செத்த பிள்ளை உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

அவனை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அவன் போய்விட்டான் என்பதை என் தலை ஒப்புக்கொண்டது. கை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இடத்தைத்தான் நீ எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்து, அவர் கண்ணாடியைத் துடைத்ததையும் எனக்கே எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தில் ஒவ்வொரு வரியிலும் நீ எனக்கு நன்றி சொல்லியிருந்தாய். ஒவ்வொரு நன்றியும் எனக்கு அடியாக விழுந்தது.

உன் மேல் குற்றம் இல்லை. இதை எழுதும்போதும் உன் மேல் குற்றம் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. உனக்கு முப்பத்தாறு வயது. ஆயுள் முழுக்க என் பிள்ளையின் போட்டோவைத் துடைத்துக்கொண்டிரு என்று சொல்ல நான் யார்? ஆனால் சந்தோஷப்படு என்று மட்டும் என்னிடம் கேட்காதே. அது என்னால் முடியவில்லை. நீ இன்னொருவர் வீட்டுக்குப் போய்விட்டால், அவன் பேச்சை எடுக்க எனக்கு யார் இருக்கிறார்கள்? உன் மாமா வாயைத் திறக்க மாட்டார். அவன் எப்படிச் சிரிப்பான், எதற்குக் கோபப்படுவான் என்று தெரிந்தவள் இந்த உலகத்தில் என்னைத் தவிர நீ ஒருத்திதான். உன்னையும் இழந்தால் அவன் இருந்தான் என்பதற்கே எனக்குச் சாட்சி இல்லை.

நாங்கள் வரவில்லை. நீங்கள் மூன்று பேரும் போய் வாருங்கள். உன் மாமாவின் பல்லை உன் மாமா பார்த்துக்கொள்வார், யாரும் சிரமப்பட வேண்டாம். ஆகஸ்டில் வாலுவை ஒரு வாரம் இங்கே அனுப்பு. அனுப்புவாய் அல்லவா?

அத்தை


மே 31

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த நாளில் நான் வேலைக்குப் போகவில்லை. சமயத்தில் பிரேக் போடுவேன் என்று என்னையே நான் நம்பவில்லை.

நான் செய்தது என்னவென்று இப்போது தெரிகிறது. நீங்கள் எழுதாததை உங்கள் எழுத்தில் படித்துக்கொண்டேன். எனக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது. உங்களிடம் நேரில் கேட்கப் பயந்துகொண்டு, கேட்காமலே கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்த வலியை உங்களுக்குக் கொடுத்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

அவரிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மறைக்க மனம் வரவில்லை. கேட்டு முடித்ததும் தாளை வாங்கி மடித்துக் கொடுத்தார். பிறகு, "அந்த இடம் அவருக்கே இருக்கட்டும். நான் வரல. அவங்க வரட்டும்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒருவர் வந்ததும் எழுந்து இடம் கொடுப்போமே, அப்படிச் சொன்னார்.

ஆகவே விடுதிக்கு எழுதிவிட்டேன். ஐந்து பேர் அல்ல, நான்கு பேர். பெரியவர்கள் மூவர், குழந்தை ஒன்று. அந்த வரியை எழுதும்போது என் கை நின்றுவிட்டது அத்தை. இந்த இரண்டு வருடத்தில் நம் குடும்பத்தை இப்படி நான் எங்குமே எழுதியதில்லை. உங்கள் கை ஏன் எழுதவில்லை என்று அப்போது எனக்கும் தெரிந்துவிட்டது.

சாட்சி என்று எழுதியிருந்தீர்கள். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இந்த ஊரில் உங்கள் பிள்ளையின் பெயரை எடுத்தால் எல்லாரும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். எனக்கு வலிக்குமாம். என் சொந்த அண்ணனே "பழசை விடு" என்கிறான். "அப்புறம் என்ன ஆச்சு? அதுக்கு அவர் என்ன சொன்னார்?" என்று கேட்கிறவர் இவர் ஒருவர்தான். லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் உங்கள் பிள்ளை அதே லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்த கிழவரோடு சீட்டு விளையாடிவிட்டு வந்த கதை இவருக்குத் தெரியும். நான் ஒரு இடத்தில் மாற்றிச் சொன்னால், "போன தடவ வேற மாதிரி சொன்னீங்களே" என்று திருத்துகிறார். வாலுவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். அவளுக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்ததில் பாதி இவர் கேட்ட கேள்விகளால் நான் சொன்னது.

கல்யாணத்தை நிறுத்திவிடுகிறேன் என்று நான் எழுத மாட்டேன். அது பொய்யாகிவிடும், பிறகு உங்கள் மேல் எனக்குக் கசப்பு வரும். உங்களை விட்டுவிடுகிறேன் என்றும் எழுத மாட்டேன். இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன், எவ்வளவு நாள் முடிகிறதோ அவ்வளவு நாள். கல்யாணத்துக்குத் தேதி வைக்கவில்லை. நீங்கள் முகம் கொடுத்துப் பேசுகிறவரை வைக்கப்போவதும் இல்லை.

ஜூலையில் நீங்களும் மாமாவும் மட்டும் வாருங்கள். வராவிட்டாலும் ஆகஸ்டில் வாலு வருவாள். அதைக் கேள்வியாக இனி எழுதாதீர்கள், எனக்குத் தாங்கவில்லை. அவள் உங்கள் பேத்தி.

உங்கள் மருமகள்


ஜூன் 10

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை நான் படித்துவிட்டு மேசைமேல் போட்டிருந்தேன். உன் மாமா எடுத்துப் படித்தார். பிறகு பழைய கடிதங்களையும் தேடி எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு படித்தார். நான் உனக்கு என்ன எழுதினேன் என்று கேட்டார், சொன்னேன். கடிதங்களைத் திரும்ப அடுக்கி வைத்தார். அப்புறம் என் காதருகே வந்து, எனக்குக் கேட்கட்டும் என்று சத்தம் போட்டே சொன்னார்: "அவ நம்மகிட்ட சொல்லணும்னு என்ன கட்டாயம்? சொல்லாமலே கட்டிக்கிட்டுப் போயிருக்கலாம். சொன்னா. வாங்க வாங்கன்னு கூப்பிட்டா. நீ வாசக்கதவ சாத்தறே." இத்தனை வார்த்தைகளை அவர் சேர்ந்தாற்போல் பேசி எத்தனையோ வருடம் ஆகிறது. பேசி முடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட என் எதிரில் அழாத மனிதர். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேரும் அன்றைக்குத்தான் சேர்ந்து அழுதோம்.

லிஃப்டுக்குள் சீட்டு விளையாடிய கதை எனக்குத் தெரியாது. என்னிடம் அவன் சொல்லவே இல்லை. என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று யாரோ ஒரு பல் கட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது என்று முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு உன் மாமாவிடம் அந்தக் கதையைச் சொன்னேன். சிரித்தார். அந்தக் கிழவர் ஜெயித்தாரா, இவன் ஜெயித்தானா என்று கேட்டார். நீ அதை எழுதவில்லையே. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவனைப் பற்றிப் புதிதாக ஒரு செய்தி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. இன்னும் என்னென்ன இருக்கின்றன உன்னிடம்?

நான் ஒரே நாளில் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த மனிதரைப் பிள்ளை என்று என் வாய் கூப்பிடாது. அவரும் என்னை அம்மா என்று கூப்பிட வேண்டாம், அக்கா என்று சொல்லட்டும், ஆலையில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் நாள் நான் அவரிடம் சரியாகப் பேசாமல் போகலாம். காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளச் சொல், பாதி உண்மைதானே. இரண்டாம் நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் என்னால் இப்போது சொல்ல முடியும். எழுந்து இடம் கொடுத்தார் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரி மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நேற்று விடுதி அம்மாளிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'ஒருவர் குறைவதாகத் தங்கள் மருமகள் எழுதியிருக்கிறார். யார் வரவில்லை என்று தெரிவித்தால் அதற்குத் தகுந்தபடி எந்த அறையில் கட்டிலை எடுப்பது என்று பார்த்துக்கொள்வேன்' என்று கேட்டிருந்தார். முன்பதிவு என் பெயரில் இருப்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

இன்று மதியம் கேன்டீனில் உட்கார்ந்து அவருக்குப் பதில் எழுதினேன். கை போன போக்கில் விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். 'என் மகன் வரமாட்டான்' என்று எழுதினேன். அதற்குக் கீழேயே, 'நாங்கள் ஐந்து பேர் வருகிறோம். மாடியில் உள்ள சின்ன அறையையும் ஒதுக்கி வைக்கவும்' என்று எழுதினேன். அந்த அம்மாளுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். இருக்கட்டும், ஜூலையில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அத்தை